திங்களூர்த் தண்ணீர்ப் பந்தர்



வெயிலில் நடந்து வருந்தி வந்தவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் பேருதவி. கொடுப்பவனுக்கோ அது சிறுசெயல். அச்சிறுசெயலைச் சிவத்தொண்டாக உயர்த்தியவர், திருவையாற்றை அடுத்த திங்களூரில் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பூதி அடிகள். அவர் வைத்த தண்ணீர்ப் பந்தரின் பெருமையை 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைத்தருளினார்.

வழிச்செல்வோர் அனைவர்க்கும் அப்பந்தர் உரியது. நீர்வேட்கை ஒன்றே தகுதி. அதற்கு அடிகள் தம் பெயரை இட்டாரல்லர். தாம் கண்ணாற் காணாத திருநாவுக்கரசர் திருப்பெயரையே இட்டார். தம் மக்களுக்கும் அப்பெயரே.

ஒருநாள் திருப்பழனத்தினின்றும் வந்த அடியார் ஒருவர், தம் பெயரை எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று அடிகளை வினவினார். வேறொருவர் என்ற சொல்லை அடிகள் பொறுத்திலர். மனம் நொந்து நாவுக்கரசர் பெருமையை எடுத்துரைத்தார். வினவி நின்றவரோ நாவுக்கரசரே! தம் பெயரைத் துறந்தவர்க்கு அப்பெயருக்குரியவரே விருந்தினராயினார்.

இக்குடமுழுக்கில் திருப்பணிக்கு ஈந்தோர் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பெறுகின்றன. நன்றி பாராட்டுதல் முறையே. ஆயினும், கல்லை நோக்கி ஈவார்க்குக் கல்லைக் காணுந்தோறுமே மகிழ்ச்சி. வேட்கை தணிந்த முகத்தை நோக்கி ஈவார்க்கு ஈயும் அக்கணமே பேரின்பம். முன்னதில் ‘யான்’ வளரும். பின்னதில் அது கரையும்.

விழாக் காண வரும் அயலூரார்க்கு நீரும் மோரும் நிழலும் இன்சொல்லும் அன்பர்கள் நல்குவாராக. பந்தருக்குப் பெயர் வேண்டுமாயின், அப்பூதி அடிகளின் பெயரை எழுதுவாராக.

திருச்சிற்றம்பலம்.