தலைவிதியா? சர்க்கார் விதியா?



ஒரு பிள்ளைக்கு மேல்படிப்புக் கிடைக்கவில்லையென்றால் "அவன் தலைவிதி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகின்றோம். அந்த விதி தலையில் எழுதினதா, காகிதத்தில் எழுதினதா என்று பார்ப்பதில்லை. இதற்கு ஹாங்காங்கில் குடியேறினவர்களின் பிள்ளைகளுடைய கதியை உதாரணமாகச் சொல்லுகின்றோம்.

நேபாளத்தார், பாகிஸ்தானியர், இந்தியர் முதலியவர்கள் பிரிட்டிஷார் காலத்திலிருந்தே பட்டாளத்திற்கும், போலீசுக்கும், வியாபாரத்திற்கும் அங்கு போனவர்கள். இன்றையப் பிள்ளைகளில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். கடைத்தெருவில் காண்டனீஸ் பேசிவிடுவார்கள். ஆனால் அங்கு பேசுவது ஒரு மாதிரி, எழுதுவது வேறு மாதிரி. ஆயிரக்கணக்கான எழுத்துக்களை மனதில் ஏற்ற வேண்டும். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சர்க்காரோ இவர்களில் பலரைச் சில குறிப்பிட்ட பள்ளிகளில் ஒதுக்கி இலேசான சீனம் போதித்தது. அந்த முறை 2013-ல்தான் கைவிடப்பட்டது. சீனத்தை இரண்டாம் மொழியாய்க் கற்பிக்கும் திட்டம் 2014-ல்தான் வந்தது.

ஆனால், 2012 முதல் நடக்கும் பள்ளி இறுதிப் பரீட்சையில் சீனத்தில் மூன்றாம் படி எட்டினால்தான் சர்வகலாசாலை வாசல் திறக்கும் என்பது பொது விதி. நாற்றுக் கொடுக்காதவன் அறுவடைக்குக் கணக்குக் கேட்பதுபோலல்லவா இருக்கின்றது!

"விலக்கு இருக்கின்றதே" என்பார்கள். இருக்கின்றது. பிரிட்டிஷ் பிள்ளைகள் அந்நிய மொழியாய்ப் படிக்கும் சீனப் பரீட்சையில் தேறினாலும், சில நிபந்தனைகளின்மேல் ஏற்றுக்கொள்ளுவார்கள். அது மிகவும் கீழ்ப்படியான பரீட்சை. அதை வைத்துக்கொண்டு சீனம் கேட்கும் உத்தியோகத்தில் நுழைய முடியுமா?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஹாங்காங் சர்வகலாசாலையில், சீன சம்பந்தமான படிப்புகள் போக, பாடம் நடப்பது இங்கிலீஷில்! 1910-ல் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்ட அதன் முதல் கட்டடத்திற்குப் பணம் கொடுத்தவர், இந்தியாவிலிருந்து குடியேறிய பார்சி வியாபாரி சர் ஹோர்முஸ்ஜி மோடி. குடியேறினவன் பணத்திற்குப் பாஷை கேட்கவில்லை. குடியேறினவன் பிள்ளைக்குத்தான் கேட்கின்றார்கள்.

சீனம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 1974 வரை இங்கிலீஷ் ஒன்றே ஆட்சிமொழியாயிருந்த ஊரில், சீன மக்கள் தங்கள் மொழிக்கு இடம் பெற்றது நியாயமே. சிறு வயது முதல் எல்லாப் பிள்ளைகளோடும் உட்காரவைத்துச் சரியாய்க் கற்றுக்கொடு, பிறகு பரீட்சை வை என்பதே நாம் சொல்லுவது.

ஆகவே தோழர்களே! தலைவிதி என்பது புரட்டு. இது மனிதன் எழுதின விதி. மனிதன் எழுதினதை மனிதன் அழித்தெழுதலாம்.