ஓவியத்தின் முன் நின்ற கவிஞர்கள்



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவன் நான். ஓவியமும் கவிதையும் பற்றிப் பேச இவன் யார் என்று யாரேனும் கேட்டால், இரவுப் பணியில் வண்டிக்கும் வண்டிக்கும் இடையே படிக்கப் பொழுது கிடைக்கிறது என்பதே என் விடை.

ஓவியத்தைக் கண்டு கவிஞர் மனம் கரைவது தமிழருக்குப் புதிதன்று. நெடுநல்வாடையிலே, பாசறையில் இருக்கும் கணவனை எண்ணிக் கிடக்கும் அரசி, கட்டிலின் மேல்விதானத்தில் தீட்டப்பெற்ற திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகிறாள். நக்கீரர் ஓவியத்தை வருணிப்பதோடு நிற்கவில்லை. அதைப் பார்த்த கண்ணின் நீரையும் காட்டுகிறார். அண்மைக் காலத்து மேனாட்டுக் கவிஞர் சிலரும் இவ்வாறே செய்திருக்கின்றனர்.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்து அரசுக் கலைக்கூடம் 1912-ஆம் ஆண்டில் வாங்கிய ஓவியம் ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டினரான பீட்டர் புரூகலின் பெயரால் வழங்குவது. அவர் கையாலேயே தீட்டப்பெற்றதா என்பதில் அறிஞர்களுக்கு இன்று ஐயமுண்டு. மெழுகால் ஒட்டிய சிறகோடு பறந்து, கதிரவனை நெருங்கியதால் மெழுகு உருகிக் கடலில் வீழ்ந்த இகாரஸ் என்ற இளைஞனின் கதை அது. ஆனால் படத்தில் அவனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! முன்னே ஓர் உழவன் குதிரை பூட்டி உழுகிறான். இடையன் கோலை ஊன்றி வேறு திசையில் வானத்தைப் பார்க்கிறான். ஒருவன் மீன் பிடிக்கிறான். பாய் விரித்த கப்பல் ஒன்று செல்கிறது. வலப்புறக் கீழ் மூலையில், பச்சை நீரின்மேல், இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட் இக்கதையைப் பாடியபோது, உழவனும் இடையனும் மீனவனும் பறந்தவர்களை அண்ணாந்து பார்த்து வியந்து, தெய்வங்கள் என்றே எண்ணியதாகச் சொன்னார். ஓவியரோ அம்மூவரையும் அவரவர் பாட்டில் விட்டுவிட்டார்.

1938 டிசம்பரில் ஆங்கிலக் கவிஞர் ஆடன் பிரஸ்ஸல்ஸில் தங்கியிருந்தார். முந்தைய ஆண்டு ஸ்பெயினிலும் அவ்வாண்டு சீனாவிலும் போரை நேரில் கண்டு வந்தவர். அந்நகரில் அவர் எழுதிய கவிதைக்குக் கலைக்கூடத்தின் பெயரையே தலைப்பாக இட்டார். அது ஓவியத்தில் தொடங்கவில்லை. ஒருவன் துன்புறும்போது மற்றொருவன் உண்டுகொண்டோ நடந்துகொண்டோ இருப்பதைப் பழைய ஓவியர் நன்கறிந்திருந்தனர் என்று பொதுவாகப் பேசி, பிற்பாதியிலேதான் இகாரஸிடம் வருகிறது.

அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸும் இதே ஓவியத்தைப் பாடினார். அவர் தொழிலால் மருத்துவர். புரூகலின் ஓவியங்களைப் பாடிய கவிதைகளைக் கொண்ட அவரது நூல் 1962-ல் வெளிவந்தது. 1963-ல் அவர் மறைந்த பின் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நிறுத்தக்குறிகளே இல்லாத குறுகிய அடிகள். தத்துவம் எதுவும் பேசாமல், நோய்க்குறிப்பு எழுதுவது போல் கண்டதைச் சொல்லிச் செல்கிறார்.

இக்கவிதைகளைப் படிப்போர் பலர், உழவன் கல்நெஞ்சன் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். எனக்கு அது உடன்பாடன்று. என் தந்தையார் ஊரில் காலமான செய்தி தொலைபேசியில் வந்தபோது, நான் மூட்டைகளுக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒருவர், “பாபூஜி, என் ரசீது?” என்றார். அவர்மீது எனக்குச் சினம் எழவில்லை. அவர் வண்டி ஐந்தாம் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஆடனின் கப்பலுக்கும் போய்ச் சேரவேண்டிய துறை ஒன்று இருக்கிறது. அவர் கப்பலைத் திட்டவில்லை. உழவன் தலை நிமிர்ந்தால் சால் கோணும். தொலைவிலே உறவுகளை விட்டு இக்காலனியில் வாழும் நமக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

போலந்து நாட்டுக் கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்கா அம்மையார் 1996-ல் நோபல் பரிசு பெற்றவர். புரூகல் 1562-ல் தீட்டிய, சாளரத்தில் கட்டுண்ட இரு குரங்குகளின் ஓவியம் பெர்லினில் உள்ளது. 1957-ஆம் ஆண்டு நூலில் அவ்வம்மையார் அதைத் தம் தேர்வுக் கனவாக்கினார். மானிட வரலாறு பற்றிக் கேட்கிறார்கள். விடை தெரியாமல் திணறுகிறார். ஒரு குரங்கு தன் சங்கிலியை மெல்ல ஒலித்து விடையை எடுத்துக் கொடுக்கிறது! இவ்வளவு சிறிய கவிதையில் இவ்வளவு பெரிய குற்றச்சாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. 2009-ல், எண்பத்தாறாம் வயதில், வெர்மீர் தீட்டிய, பால் ஊற்றும் பெண்ணைப் பற்றி மிகச் சிறிய கவிதை ஒன்று வெளியிட்டார். அப்பெண் அமைதியாகப் பால் ஊற்றிக்கொண்டிருக்கும்வரை உலகம் அழிய உரிமை பெறவில்லை என்பது அதன் கருத்து. கடலில் வீழ்ந்தவனைக் கவனியாத உழவனும், பாலையன்றி வேறெதையும் கவனியாத இப்பெண்ணும் என் மனத்தில் அருகருகே நிற்கின்றனர்.

பிரஸ்ஸல்ஸ் ஓவியத்தின் அச்சுப்படி ஒன்றைச் சங்க நூலகத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். தாய்மார்கள் குழந்தைகளை அழைத்து வாருங்கள். கால்கள் எங்கே என்று அவர்களே தேடட்டும். நான் முதன்முறை பார்த்தபோது கண்டுபிடிக்க நெடுநேரம் ஆயிற்று.