பட்டம் பெற்ற பிள்ளைகளும் நம் கடமையும்



பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி 1923-இல் தோன்றியது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் வந்தது. இன்று தாமிரபரணிக் கரையில் பட்டதாரி இல்லாத தெரு அரிது. ஆயினும், "வேலை கிடைத்ததா?" என்ற நமது கேள்விக்கு அஞ்சியே திருவிழாவுக்கு வராத பிள்ளைகளும் உண்டு.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் போதாது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, பட்டம் பெற்றோர் உதவித்தொகையுடன் வேலை பழகலாம். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் படிக்கும்போதே திறன் பயிற்சி தருகிறது. இவற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையிலோ, வங்கியிலோ, கடையிலோ பணிபுரியும் நாம் ஆளுக்கொரு பிள்ளைக்கு நம் தொழிலைக் காட்டிக் கொடுப்போம். கேள்வியை விட்டுக் கைபிடித்து நடத்துவோம். அதுவே நமது ஜூபிலி காணிக்கை.