கச்சதீவும் எம்ஸ் ஆறும்



கச்சதீவின் பரப்பு ஏறத்தாழ 285 ஏக்கர். அதைக் குறித்த எல்லைப் பேச்சு 1921இல், பிரித்தானியர் ஆண்ட காலத்திலேயே, சென்னை அரசுக்கும் கொழும்புக்கும் இடையில் தொடங்கியது. 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கையால் தீவு இலங்கைப் பக்கம் வந்தது. 1976இல் பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் தொழில் செய்யக்கூடாது என்றன. தமிழ்நாட்டுத் தேர்தல் மேடைகளில் அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை.

போர்க்காலத்தில் எங்கள் வடபகுதி மீனவருக்குக் கடல் பூட்டிக் கிடந்தது. 2009க்குப் பிறகு வலை போட்டால், அக்கரை இழுவைப் படகுகள் அதை அறுத்துக்கொண்டு போகின்றன. கடற்படையிடம் பிடிபடுபவரும் தமிழர், வலை இழப்பவரும் தமிழர். அதனால் நாங்கள் இங்கே வாய் திறக்கக் கூச்சப்படுகிறோம்.

நாங்கள் வாழும் யேர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் எம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் எல்லை எதுவென்று இன்றுவரை உடன்பாடில்லை. 1960இல் அந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்து, அங்கே சேர்ந்து வேலை செய்ய ஒப்பந்தம் எழுதினார்கள். 2014இல் அதைக் கடலுக்குள்ளும் நீட்டினார்கள். கோடு தீரவில்லை, கப்பல்கள் ஓடுகின்றன.

இந்தியாவும் இலங்கையும் 2016இல் கூட்டுப் பணிக்குழு அமைத்து, இழுவைமடியை விரைவில் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டன. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் அக்கரைப் படகுகள் நிற்கவில்லை. கணக்கு எழுதிப் பழகிய என் கண்ணுக்கு நிலுவையாகத் தெரிவது அந்த வாக்குறுதிதான். தமிழகத்து உறவுகளோடு பேசும்போது தீவை விட்டுவிட்டு, இதை முதலில் கேளுங்கள்.