துபாய்ல கோஷர் சாப்பாடு: "எந்தச் சட்டியில செஞ்சாங்க?"

இந்த எபிசோடு, துபாய்ல வேலை பார்க்கிற ஒரு லிஸ்னரோட மெயில்ல இருந்து வந்தது. அவங்க டீம்ல இருக்கிற யூத நண்பர் ஒருத்தர் அடுத்த மாசம் துபாய் வர்றார், கோஷர் மட்டும்தான் சாப்பிடுவார். "கராமாவுல நம்ம சைவ ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனா போதாதா?"ன்னு கேட்டிருந்தாங்க.

பெரும்பாலும் போதாது. ஏன்னு பார்ப்போம்.

கோஷர்ங்கிறது யூத மதத்தோட உணவுச் சட்டம். பன்றி, இறால், நண்டு கிடையாது. மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருக்கணும். ஆடு, மாடு, கோழியை அதுக்குன்னு பயிற்சி எடுத்த யூதர்தான் அறுக்கணும். முக்கியமா, இறைச்சியும் பாலும் சேரவே கூடாது. பாத்திரம்கூட ரெண்டுக்கும் தனித்தனி. அதனால பட்டர் சிக்கன் ஹலாலா இருக்கலாம், கோஷரா இருக்கவே முடியாது.

சரி, சைவம்னா என்ன பிரச்சினை? சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னெட் இருக்கலாம். கீரையில பூச்சி இருக்கலாம், பூச்சியும் தடை. கண்டிப்பா கடைப்பிடிக்கிறவங்களுக்கு, சமையல்ல ஒரு யூதரோட பங்கு இருக்கணும், அடுப்பைப் பத்தவைக்கிறதாவது. சுத்த சைவப் பாட்டி ஒருத்தரை பிரியாணிக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் "இது வெஜ் நூடுல்ஸ்தான் பாட்டி"ன்னு சொல்லிப் பாருங்க. "எந்தச் சட்டியில செஞ்சான்?"னுதான் கேட்பாங்க. அதே கேள்விதான் இங்கயும். அதுக்குப் பதில் சொல்லவே மஷ்கியாக்னு ஒரு மேற்பார்வையாளர் கிச்சன்ல இருப்பார்.

அப்போ கோஷர் ரெஸ்டாரண்ட் நடத்த மெனு மட்டும் பத்தாது. மேற்பார்வையாளர், அவருக்கு மேல ஒரு மதகுரு, சர்டிஃபிகேட், அதை நம்பற ஒரு சமூகம், இவ்வளவும் அந்த ஊர்ல இருக்கணும்.

துபாய்ல இது எப்படி வந்துச்சு? 2020 செப்டம்பர் 15-ல ஆபிரகாம் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, ஐக்கிய அரபு அமீரகமும் இஸ்ரேலும் தூதரக உறவு வச்சுக்கிட்டாங்க. அதே மாசம், ஹோட்டல்கள்ல கோஷர் உணவுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லி அபுதாபி சுற்றுலாத் துறை சுற்றறிக்கை விட்டுச்சு. அந்த வருஷமே புர்ஜ் கலீஃபாவுல இருக்கிற அர்மானி ஹோட்டல்ல காஃப்னு ஒரு கோஷர் ரெஸ்டாரண்ட் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே எல்லி கிரீல்னு தென்னாப்பிரிக்காவுல இருந்து வந்த ஒருத்தங்க, வீட்டுல சமைச்சு யூதப் பயணிகளுக்குக் கொடுத்துட்டு இருந்தாங்க. அரபுச் சமையலைக் கோஷர் முறையில செஞ்சு, அதுக்கு "கோஷராட்டி"ன்னு பேரும் வச்சாங்க.

2023-ல அபுதாபி சாதியாத் தீவுல ஆபிரகாமிய குடும்ப இல்லம் திறந்தாங்க. மசூதி, சர்ச், யூத ஜெப ஆலயம், மூணும் ஒரே வளாகத்துல. ஜெப ஆலயத்துக்கு மோசஸ் பென் மைமோன் பேர் வச்சிருக்காங்க. 12-ஆம் நூற்றாண்டுல எகிப்துல வாழ்ந்து, அரபியில எழுதின யூத அறிஞர் அவர்.

அடுத்து ஷபாத். வெள்ளி சூரியன் மறையறதுல இருந்து சனி இருட்டுற வரைக்கும் சமைக்க மாட்டாங்க, கார்ல போக மாட்டாங்க, சுவிட்ச் தொட மாட்டாங்க. இப்போ துபாய் ஹோட்டலை நினைச்சுப் பாருங்க: கார்டு சாவி, லிஃப்ட், சென்சார் லைட். நாற்பதாவது மாடியில ரூம் போட்டுட்டீங்கன்னா, அவர் நாற்பது மாடி படி ஏறணும். கீழ்த்தளத்துல, படிக்கட்டு பக்கத்துல ரூம் கேளுங்க. கதவு திறக்கிறதுக்கும் ரிசப்ஷன்ல முன்னாடியே பேசி வச்சிடுங்க. அமீரகத்துல 2022-ல இருந்து சனி, ஞாயிறு லீவு, அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரைநாள்தான். அதனால வெள்ளி சாயங்காலம் மீட்டிங் வைக்காம இருக்கிறது கஷ்டமில்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2024 நவம்பர்ல ஸ்வி கோகன்ங்கிற 28 வயசு யூத மதகுரு அமீரகத்துல கடத்திக் கொல்லப்பட்டார். துபாய்ல ஒரு கோஷர் மளிகைக் கடையை நடத்துனவங்கள்ல அவரும் ஒருத்தர். 2025 மார்ச்ல அந்த வழக்குல மூணு பேருக்கு மரண தண்டனை விதிச்சாங்க. ஷெல்ஃப்ல ஒரு கோஷர் பாக்கெட் இருக்குன்னா, அதை அங்க கொண்டு வந்து வச்ச ஒரு ஆள் இருக்கார். அந்த ஆளுக்கு இதுல உயிரே பணயம் ஆகலாம்.

அதனால லிஸ்னர் நண்பரே, முதல்ல அவர்கிட்டயே கேளுங்க: "எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கிறீங்க?" சிலர் வீகன் ஹோட்டல்ல சாப்பிடுவாங்க, சிலர் தண்ணிகூட பேப்பர் கப்லதான் குடிப்பாங்க. ரெஸ்டாரண்ட்னா சர்டிஃபிகேட் யார் கொடுத்தது, தேதி முடிஞ்சிருச்சான்னு பாருங்க. எதுவும் அமையலைன்னா வெட்டாத பழமும், கோஷர் முத்திரை இருக்கிற சீல் பாக்கெட்டும் போதும். சேர்ந்து உக்காந்து சாப்பிடறதுதான் முக்கியம்.

கடைசியா ஒண்ணு. அவர் கூட எடுத்த போட்டோவை லொகேஷன் போட்டு ஸ்டோரியில வைக்கிறதுக்கு முன்னாடி, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம், மக்களே!