'சர்வர் பிஸி' என்பது விடையல்ல

(ஒரகடம் பகுதிக் குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளிக்குச் சிறிய இணையதளம் ஒன்று உண்டு. தேர்வு அட்டவணை, உதவித்தொகைக்கான கடைசி நாள் எல்லாம் அதில்தான் வரும். பெற்றோர் பலர் இங்குள்ள தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் போனைத் திறப்பார்கள்.

சென்ற ஆண்டு தளம் திடீரென்று திணறியது. நெடுநேரம் சுற்றும், பிறகு '504' என்று வரும். "உங்க போன்லதாம்மா கோளாறு" என்று ஒரு தாயிடம் நானே சொல்லிவிட்டேன். உதவித்தொகைக்கான கடைசி நாளை அவர் தவறவிட இருந்தார்.

பிறகு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து மூன்று கேள்விகள் கேட்டோம்.

யாருக்கு? பள்ளி வைஃபையிலும் மொபைல் டேட்டாவிலும் ஒரே தாமதம். மற்ற தளங்கள் உடனே திறந்தன. ஆக, கோளாறு சர்வர் பக்கம். 404 என்றால் பக்கமே இல்லை; 504 என்றால் முன்னால் நிற்கும் சர்வர், பின்னால் உள்ள சர்வரின் பதிலுக்குக் காத்திருந்து கைவிட்டது என்று பொருள்.

எப்போது? மூன்று நாள் மணிக்கொரு முறை திறந்து நோட்டில் குறித்தார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டுமே திணறல்.

என்ன மாறியது? விளையாட்டு விழாப் படங்கள் 40ஐ போனில் எடுத்தபடியே முகப்பில் ஏற்றியிருந்தோம். படத்துக்கு 5 எம்பி. மொத்தம் 200 எம்பி. நூறு பேர் திறந்தால் 20,000 எம்பி! சுங்கச்சாவடியின் எல்லா வழியிலும் கன்டெய்னர் லாரி நின்றால் பின்னால் வரும் காருக்கும் வழியில்லை அல்லவா?

வேறெதையும் தொடாமல் படங்களை மட்டும் நீக்கிப் பார்த்தோம். மறுநாள் ஷிப்ட் நேரத்திலும் தளம் உடனே திறந்தது. பிறகு ஒவ்வொரு படத்தையும் 150 கேபியாகச் சுருக்கி ஏற்றினோம். மொத்தம் 6 எம்பிதான்.

எல்லாத் திணறலுக்கும் காரணம் ஒன்றல்ல. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயது நிரம்பியோருக்கான தடுப்பூசிப் பதிவு தொடங்கியதும் கோவின் தளம் திணறியது. அன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். அங்கே கூடியது ஆள்; எங்களிடம் கூடியது சுமை. காரணம் தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்கும்போதும், 'சோம்பேறி' என்று சொல்லும் முன் இதே கேள்விகளைக் கேட்கலாம்: எந்தப் பாடத்தில், எப்போதிலிருந்து, என்ன மாறியது?