ஓடைத் தண்ணீரும் வரிப்பணமும்

(கிளாவரைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பூண்டுக் காட்டு வேலையை முடித்துக்கொண்டு இந்தக் குளிரிலும் நீங்கள் இவ்வளவு பேர் கூடியிருப்பதற்கு மகிழ்ச்சியடைகிறேன். நான் மோட்சத்தைப் பற்றிப் பேச வரவில்லை. உங்கள் ஓடையைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். அதில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, என்ன கலந்து வருகிறது என்பதைக் கண்டறிய நமது வரிப்பணத்தைச் செலவிட வேண்டுமா, வேண்டாமா என்பதே இன்றைய விஷயமாகும்.

மழை தவறினால் நம்மவர்கள் கழுதைக்குக் கல்யாணம் செய்கிறார்கள். பாமரர் செய்வது கிடக்கட்டும். 2019-ம் வருஷத்து வறட்சியில் சர்க்காரின் அறநிலைய இலாகாவே, கோவில்களில் வருண ஜெபமும் யாகமும் நடத்தும்படி சுற்றறிக்கை விட்டதே! அந்தக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டேதான் கிடந்தன. ஜெபத்தினால் எத்தனை குடம் தண்ணீர் வந்தது என்று எவராவது கணக்குக் காட்டினார்களா?

இதே மலையில் கோடைக்கானலில் 1899-ல் சூரியனை ஆராயும் நிலையம் ஏற்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தின் பிறகு, சூரியனை ஆராய்ந்தால் மழையின் போக்கு விளங்கலாம் என்று எண்ணியதே அதற்கு ஒரு காரணம். இன்றும் அது பொதுப் பணத்தில் நடக்கிறது. எட்டாத சூரியனை நூறு வருஷத்திற்கு மேலாக அளக்கப் பணம் உண்டென்றால், காலடியில் ஓடும் தண்ணீரை அளக்க மாத்திரம் பணம் இல்லையென்பது நியாயமா?

அளந்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நம்மைப் போன்ற மலைநாடாகிய நீலகிரியில் நடந்ததைச் சொல்லுகிறேன். அங்கே கிளென்மார்கனில் மத்திய சர்க்காரின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் புல்லும் சோலையுமாயிருந்த இரண்டு பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டு, 1968 முதல் இரண்டின் ஓடைகளையும் அளந்து வந்தார்கள். 1972-ல் ஒன்றில் மாத்திரம் கற்பூர மரமாகிய யூகலிப்டஸை நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். பத்து வருஷத்தில், மரம் நட்ட பள்ளத்தாக்கில் தண்ணீர் நூற்றுக்கு 16 பங்கு குறைந்துவிட்டது. மரத்தை வெட்டி மறுபடி தழைக்க விட்ட அடுத்த பத்து வருஷத்தில் 25 பங்கு குறைந்தது. ஆழ வேர்விட்ட மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விட்டுவிடுகிறது. இதில் சாமி கோபமும் இல்லை, தலைவிதியும் இல்லை.

இனி நமது மலைக்கு வருவோம். பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, 1973-க்கும் 2014-க்கும் இடையில் மறைந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். அதன் இடத்தில் நிற்பவை சீகையும், கற்பூரமும், பைன் மரமும், நமது விவசாயமுமே. இம்மலையில் பிறக்கும் நீர் நமக்கு மாத்திரமல்ல, கீழ்நாட்டுக் குடியானவனுக்கும் உயிராகும்.

அளவைப் போலவே சுத்தமும் முக்கியம். இன்ன ஜாதியான் தொட்டால் தண்ணீர் தீட்டு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அனேகர். கோடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்ட பின், ஏரித் தண்ணீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் கண்டு சொன்னவர் யார்? தீட்டுப் பார்த்த சாஸ்திரியா? அல்லவே! சர்க்கார் அணுசக்தி இலாகாவின் விஞ்ஞானிகளே சொன்னார்கள். பாதரசத்திற்கு நிறமும் வாசனையும் காட்டாமல் தண்ணீரில் இருக்கத் தெரியும். அதற்கு ஜாதியும் தெரியாது. கம்பெனிக்காரன் தன் குற்றத்தைத் தானே காசு கொடுத்து நிரூபிப்பான் என்று எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனமல்லவா?

நம்மையும் நான் விட்டுவிடுவதற்கில்லை. பூண்டுக்கும் கேரட்டுக்கும் நாம் தெளிக்கும் மருந்து மழையில் கரைந்து எங்கே போகிறது? அதையும் சோதிக்கட்டும். குற்றம் நம்முடையதானால் திருத்திக்கொள்வோம். உண்மைக்குப் பயப்படுகிறவன் சுயமரியாதைக்காரனாக மாட்டான்.

“ஆராய்ச்சி எதற்கு, அந்தப் பணத்தில் குழாய் போடலாமே” என்பார்கள். ஓடை வற்றிப்போனால் குழாயில் வருவது காற்றுதானே!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்றே. ஓடைகளை வருஷா வருஷம், கோடையிலும் மழையிலும் அளக்க வேண்டும். தண்ணீரைச் சோதனைச் சாலையில் சோதிக்க வேண்டும். முடிவை இங்கிலீஷில் எழுதி அலமாரியில் பூட்டாமல், தமிழில் பஞ்சாயத்து வாசலில் ஒட்ட வேண்டும். இதைப் பிச்சையாகக் கேட்கவில்லை. தீப்பெட்டி வாங்கினாலும் வரி கொடுக்கிற நாம் உரிமையாகவே கேட்கிறோம்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். நாளைக் காலையில் ஓடைக்கரைக்குப் போய், உங்கள் பாட்டனார் காலத்தில் அது எப்படி ஓடிற்று என்று பெரியவர்களைக் கேட்டு, பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று தோன்றியதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.